எரிமலை லெவல் 4 அலர்ட் நேரத்துல பாலி டிரிப்: முத்தியால்பேட்டை டிராவல்ஸ் அக்கா பத்தி என் ரிவ்யூ

பாண்டில பாலி, தாய்லாந்து, சிங்கப்பூர்னு பேக்கேஜ் போடுற ஆபீஸ் தெருவுக்கு ரெண்டு இருக்கு, போர்டுல எல்லாம் ஒரே கடல் ஒரே ஊஞ்சல் போட்டோதான். அதனால விலையைப் பாத்து மட்டும் யார்கிட்ட வேணா புக் பண்ணலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 2024 நவம்பர்ல இந்தோனேசியாவோட ஃப்ளோரஸ் தீவுல லெவோடோபி எரிமலை வெடிச்சு பாலி ஃப்ளைட் எல்லாம் கேன்சல் ஆச்சே, அந்த நேரத்துல நாங்க போற மாதிரி இருந்துச்சு, போயிட்டும் வந்தோம். அதுக்கு ஒரே காரணம் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடில ஒரு அக்காவும் அவங்க தம்பியும் நடத்துற சின்ன டிராவல்ஸ்தான். பேர் போடலையேன்னு கேக்காதீங்க, அக்காவே வேணாம்னு சொல்லிட்டாங்க, ரெண்டு பேரால போன் எடுத்து பாத்துக்க முடியிற அளவுக்குத்தான் ஆள் எடுப்பாங்களாம், கூட்டம் வந்தா ஒருத்தரையும் ஒழுங்கா கவனிக்க முடியாதுன்னாங்க. அந்தப் பக்கம் விசாரிச்சாலே சொல்லுவாங்க.

ஆபீஸ்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு டேபிள், ரெண்டு கம்ப்யூட்டர், செவுத்துல ஏர்லைன்ஸ் காலண்டர், அப்புறம் இந்தோனேசியா மேப் ஒண்ணு பெருசா ஒட்டி அதுல எரிமலைகளுக்கெல்லாம் சிவப்பு ஸ்கெட்ச்ல புள்ளி வெச்சிருப்பாங்க. மொத தடவை போனப்போ அந்த மேப்பைப் பாத்து நான் கேட்டேன், எதுக்குக்கா இதுன்னு. 2017ல ஆகுங் எரிமலை வெடிச்சப்போ பாலி ஏர்போர்ட் நவம்பர் 27ல இருந்து 29 மத்தியானம் வரைக்கும் மூடிட்டாங்க, அப்போ அவங்க அனுப்புன ஒரு குடும்பம் அங்க மாட்டிக்கிச்சு, அவங்கள பஸ் ஏத்தி ஜாவா தீவுக்குக் கொண்டு போயி சுரபாயால இருந்து வீடு சேர்த்ததுக்கு அப்புறம்தான் அந்த மேப்பை வாங்கி ஒட்டினாங்களாம்.

நாங்க நான், வீட்டுக்காரர், எங்க அம்மா. பாரிஸ்ல இருந்து சித்தப்பா குடும்பம் நேரா பாலிக்கு வந்து சேர்ற மாதிரி பிளான். தீபாவளிக்கு ரொம்ப முன்னாடியே புக் பண்ணியாச்சு. புக் பண்றப்பவே அக்கா ரெண்டு விஷயத்துல விட்டுக்கொடுக்கல. ஒண்ணு, சென்னை டு கோலாலம்பூர், கோலாலம்பூர் டு பாலி ரெண்டும் ஒரே டிக்கெட்டுல ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருக்கணும். தனித்தனியா எடுத்தா தலைக்கு சில ஆயிரம் மிச்சம் ஆகும், உண்மைதான், ஆனா மொத ஃப்ளைட் லேட் ஆகி ரெண்டாவது போயிடுச்சுன்னா தனி டிக்கெட்டுல யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க, ஒரே டிக்கெட்னா கடைசி ஊர் வரைக்கும் கொண்டு போயி சேக்குறது ஏர்லைன்ஸ் வேலை. இன்னொண்ணு டிராவல் இன்சூரன்ஸ். புக் பண்ற அன்னைக்கே எடுத்துடணும்னு சொன்னாங்க, கிளம்புறதுக்கு மொத நாள் எடுத்துக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னதுக்கு அக்கா சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "சார், ஏதாச்சும் நடந்து நியூஸ்ல வந்ததுக்கு அப்புறம் எடுக்குற பாலிசில அந்த விஷயத்துக்கு காசு தர மாட்டாங்க. தெரிஞ்சே போனீங்கன்னு சொல்லிடுவாங்க." பெரும்பாலான பாலிசில இதுதான் விதி, சின்ன எழுத்துல இருக்கும், படிச்சுப் பாருங்க.

நவம்பர் 3 ராத்திரி லெவோடோபி லாகி-லாகி (அந்த மலையோட முழுப் பேர்) வெடிச்சுது. 1,584 மீட்டர் மலை, பக்கத்துலயே அதோட ஜோடி மலை இன்னொண்ணு இருக்கு. ஊர் ஜனங்க தூங்கிட்டு இருந்த நேரம், நெருப்புக் கல்லு கிராமத்து மேல விழுந்து குறைஞ்சது ஒம்பது பேர் செத்துட்டாங்க, ஆயிரக்கணக்குல ஜனங்க வீட்டை விட்டு முகாமுக்குப் போனாங்க. நாங்க நியூஸ் பாக்கவே இல்ல, அடுத்த நாள் அக்காதான் போன் பண்ணி சொன்னாங்க, பயப்படாதீங்க, எதையும் நீங்களா கேன்சல் பண்ணாதீங்க, சாயங்காலம் அம்மாவையும் கூட்டிட்டு ஆபீசுக்கு வாங்கன்னு. காசு வாங்குறதுக்கு முன்னாடி போன் வரும், இந்த மாதிரி விஷயத்துக்கு அவங்களாவே போன் பண்ற ஆபீஸ் நான் பாத்ததில்ல.

போய் உக்காந்தோம். அம்மா பொறந்து வளந்தது கடலூர் தேவனாம்பட்டினம், 2004 டிசம்பர் 26ஐ கண்ணால பாத்தவங்க. அவங்க கேட்ட மொத கேள்வியே "ஏம்மா, எரிமலை வெடிச்சா கடல் வருமா?" அக்கா சிரிக்கல, சமாதானமும் சொல்லல, மேப்புக்கிட்ட கூட்டிட்டுப் போயி காட்டினாங்க. 2018 டிசம்பர் 22 சுனாமி வந்துச்சே, அது அனக் கிரக்கடோவா, கடல் நடுவுல நிக்கிற மலை, ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சு கடல்ல விழுந்ததால தண்ணி எழுந்துச்சு. இது ஃப்ளோரஸ் தீவுல தரை மேல நிக்குற மலை, பாலில நாம தங்குற இடத்துல இருந்து 800 கிலோமீட்டருக்கு மேல. அம்மா அந்த 800ஐ பாண்டில இருந்து எவ்ளோ தூரம்னு கேட்டு கேட்டு, கன்னியாகுமரியையும் தாண்டிப் போயிடும்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் சேர்ல சாஞ்சு உக்காந்தாங்க.

அப்புறம் எனக்கு இருந்த குழப்பம் லெவல் 4. டிவில லெவல் 4, உச்சபட்ச எச்சரிக்கைன்னு பெரிய எழுத்துல ஓடுது, பாலி போறதே தப்புன்னு சொந்தக்காரங்க எல்லாம் போன் மேல போன். அக்கா கேட்டாங்க, கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்கல்ல, ஒண்ணாம் நம்பர் ஏத்துனா எங்கயோ தூரத்துல புயல் இருக்குன்னு அர்த்தம், பத்தாம் நம்பர் ஏத்துனா நம்ம தலை மேலன்னு அர்த்தம், அந்த நம்பர் அந்த துறைமுகத்துக்குத்தானே, நாகப்பட்டினத்துல வேற நம்பர் இருக்கும்ல? இந்தோனேசியாலயும் ஒவ்வொரு மலைக்கும் தனி நம்பர். 1 சாதாரணம், 2 வாஸ்படா (கவனமா இருங்க), 3 சியாகா (தயாரா இருங்க), 4 ஆவாஸ் (ஆபத்து). லெவல் 4 போட்டிருக்கிறது லெவோடோபிக்கு, அந்த மலையைச் சுத்தி இத்தனை கிலோமீட்டருக்குள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு கூடவே சொல்லுவாங்க, அங்க இருக்கிறவங்களுக்கு அது உயிர் விஷயம். பாலிக்கு வர்றவங்களுக்கு மலையை விட காத்துதான் முக்கியம். மேல போற சாம்பல் எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பாக்கணும்.

அதுக்கு அவங்க பாக்குற இடத்தையும் காட்டிக் குடுத்தாங்க, இதை ரகசியமா வெச்சிருந்தா தொழிலுக்கு நல்லதுதான், ஆனா காட்டினாங்க. மலையோட நிலவரத்துக்கு இந்தோனேசியா அரசோட மேக்மா இந்தோனேசியா தளம். சாம்பலுக்கு ஆஸ்திரேலியால டார்வின்ல இருக்கிற எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம், உலகத்துல இந்த மாதிரி மொத்தம் 9 மையம் இருக்காம், இந்தோனேசியா பக்கம் டார்வின் பொறுப்பு. அதுல ஒரு படம் வரும், இப்போ சாம்பல் எங்க இருக்கு, 6 மணி நேரம் கழிச்சு எங்க, 12 மணி நேரம், 18 மணி நேரம்னு கட்டம் கட்டமா போட்டிருப்பாங்க. அதைப் பாக்கத் தெரிஞ்சுட்டா வாட்ஸ்அப்ல வர்ற பாதி ஃபார்வர்டை படிக்கவே வேணாம்.

சாம்பல்னா அடுப்புச் சாம்பல் கிடையாது, பாறையும் கண்ணாடியும் பொடியானது. ஜெட் எஞ்சின் உள்ள இருக்கிற சூட்டுல அது உருகி பிளேடு மேல ஒட்டிக்கும், எஞ்சின் நின்னு போகும். காஞ்ச தூளுங்கறதால பிளேன்ல இருக்கிற ரேடார்லயும் தெரியாது. 1982 ஜூன் 24 அன்னைக்கு கோலாலம்பூர்ல இருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவால கலுங்குங் எரிமலை கக்குன சாம்பலுக்குள்ள போயி நாலு எஞ்சினும் நின்னுடுச்சு, நல்ல வேளை கீழ இறங்க இறங்க மறுபடி ஸ்டார்ட் ஆகி ஜகார்த்தால இறக்கிட்டாங்க, எல்லாரும் பொழச்சாங்க. இதையும் அக்கா தம்பிதான் சொன்னாரு. ஏர்லைன்ஸ்காரன் கேன்சல் பண்ணா கோவப்படாதீங்க, பண்ணாம இருந்தாதான் பயப்படணும்னு சொன்னாரு. அம்மா அதுக்கு அப்புறம் ஒரு கேள்வியும் கேக்கல.

இப்போ காசு விஷயம், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பயந்து நாமளா கேன்சல் பண்ணா கேன்சலேஷன் சார்ஜ் நம்ம தலைல. ஏர்லைன்ஸ் கேன்சல் பண்ணா முழு காசும் திரும்ப வரணும், இல்லன்னா வேற தேதில சீட் குடுக்கணும். சாம்பல், புயல் மாதிரி அவங்க கைல இல்லாத காரணம்னா டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறை கண்காணிப்பு அமைப்பு) விதிப்படி நஷ்டஈடு கேக்க முடியாது, ஆனா டிக்கெட் காசு நம்ம காசு. அதனால அக்கா சொன்னது காத்திருங்கன்னுதான். ஹோட்டல் எல்லாம் அவங்க ஆரம்பத்துலயே ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கிறதா பாத்துதான் போட்டிருந்தாங்க, அந்தக் கடைசி தேதிங்களை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி எங்ககிட்ட குடுத்து, ஒரு காப்பி அவங்க டேபிள் கண்ணாடிக்குக் கீழ வெச்சுக்கிட்டாங்க.

நவம்பர் 13 அன்னைக்கு காத்து பாலி பக்கம் திரும்பி, பல ஏர்லைன்ஸ் வரிசையா பாலி ஃப்ளைட்டை நிறுத்திட்டாங்க, எங்களோடதும் போச்சு. ஏர்லைன்ஸ்ல இருந்து மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே அக்கா கூப்பிட்டாங்க, இன்னும் சென்னைக்குக் கார் எடுக்கலல்ல, எடுக்காதீங்கன்னு. அந்த ஒரு போன் எங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னா, ராத்திரி நேரத்துல ஈசிஆர்ல அம்மாவை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் போயி மீனம்பாக்கத்துல கூட்டத்துல நிக்குற நிலைமை வராம போச்சு. ஒரு ஃபீஸ் இல்லாம அடுத்த வாரத்துக்கு மாத்தி குடுத்தாங்க, ஹோட்டலையும் தள்ளி வெச்சாங்க. அதே நேரத்துல என் வீட்டுக்காரரோட கூட வேலை பாக்குறவர் ஒரு ஆப்ல கம்மி விலைன்னு ரெண்டு தனி டிக்கெட் எடுத்து கோலாலம்பூர் வரைக்கும் போயிட்டாரு. அங்கேருந்து பாலி ஃப்ளைட் இல்ல, மொத ஃப்ளைட் ஒழுங்கா பறந்துட்டதால அதுக்குக் காசு இல்ல, திரும்பி வர்ற டிக்கெட்டும் அவர் கைக்காசு, அந்த ஆப்ல பேசுறதுக்கு ஒரு மனுசன் கிடைக்கல, திரும்ப திரும்ப அதே மெசேஜ் வருதுன்னு போன்ல அழாத குறையா சொன்னாரு. பாவம், கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா ஒரு கவர் குடுத்தாங்க, எனக்கு இந்த ஆபீஸ்ல ரொம்பப் பிடிச்சது அதுதான். உள்ள என்95 மாஸ்க், அம்மாவோட பிபி மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலா எடுத்துக்கோங்கன்னு ஒரு சீட்டு, வீட்டுக்காரர் கான்டாக்ட் லென்ஸ் போடுறதால கண்ணாடியையும் எடுத்துட்டுப் போங்கன்னு (சாம்பல் தூள் கண்ணுல பட்டா லென்ஸோட சேர்ந்து கீறிடும்), அப்புறம் ஏர்போர்ட் மூடுனா என்ன பண்ணணும்னு தமிழ்ல எழுதுன ஒரு பக்கம். பாலியோட மேற்கு முனைல கிலிமானுக் துறைமுகம், கார்ல மூணு நாலு மணி நேரம். அங்கேருந்து ஃபெர்ரில ஜாவா பக்கம் இருக்கிற கெத்தாபாங், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், கடலைத் தாண்டுனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுக்கோங்கன்னு கூட எழுதியிருந்துச்சு, ஜாவா நேரம் வேற. பக்கத்துலயே ரயில்வே ஸ்டேஷன், சுரபாயாவுக்கு ஆறு ஏழு மணி நேரம், அங்க ஜுவாண்டா ஏர்போர்ட். விசா ஆன் அரைவல் 5 லட்சம் ரூபியா, 30 நாளைக்கு செல்லும், அதனால மாட்டிக்கிட்டாலும் உடனே பதறத் தேவையில்ல, ஆனா தேதி தாண்டுனா ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபியா ஃபைன். 2024 பிப்ரவரில இருந்து டூரிஸ்ட் வரி 1.5 லட்சம் ரூபியா தனி. டிரைவர் நம்பர், ஹோட்டல் நம்பர், அக்கா நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல, அம்மாவே கண்ணாடி இல்லாம படிச்சாங்க. அந்தப் பக்கத்தைப் பயன்படுத்த வேண்டி வரல, ஆனா அது பைல இருந்ததால நாங்க தூங்குனோம்.

பாலில சாம்பல்னு ஒண்ணும் நாங்க பாக்கல, வானம் மழை மேகம்தான், நவம்பர்ல அங்க மழைக்காலம் ஆரம்பம். டிரைவர் தம்பி தங்கமான பையன், தினமும் காலைல வண்டில ஏறுனதும் மொபைல எடுத்து அன்னைக்கு சாம்பல் எந்தப் பக்கம்னு காட்டிட்டுத்தான் கிளம்புவான். பெசாகி கோயில் போனோம், அது ஆகுங் மலைச் சரிவுலயே இருக்கு, 3,031 மீட்டர் மலை, 1963ல வெடிச்சு ஆயிரம் பேருக்கு மேல இறந்தாங்க, அப்பவும் லாவா கோயிலை விட்டு ஒதுங்கிப் போச்சுன்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. அம்மா மலை இருக்கிற திசையைப் பாத்து ரொம்ப நேரம் கும்பிட்டாங்க, மேகத்துல மலை பாதிதான் தெரிஞ்சுது. கடை வாசல், வீட்டு வாசல், ஏன் பைக் சீட்டு மேல கூட ஓலைல பின்னுன குட்டித் தட்டுல பூ வெச்சு படைக்கிறாங்க. சானூர்ல ஒரு கடைக்கார அம்மா தட்டு கட்டிட்டு இருந்தப்போ எங்க அம்மா பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து பூவை லேசா விலக்கிப் பாத்தா, அடில ஒரு மடிச்ச வெத்தல, சுண்ணாம்பு, பாக்கு. "ஏ, நம்ம தாம்பூலம்டி இது"ன்னு அம்மா கத்துன கத்துல அந்தக் கடைக்கார அம்மாவும் சிரிச்சுட்டாங்க. சித்தப்பா குடும்பமும் வந்து சேந்துச்சு, அவங்க பிரெஞ்சு பாஸ்போர்ட், அவங்களுக்கும் அதே விசாதான், இன்சூரன்ஸ் மட்டும் அவங்க பேங்க் கார்டுல வந்துச்சு.

குறைன்னு பாத்தா இருக்கு, மறைக்க மாட்டேன். சாப்பாடு சரியில்ல. பேக்கேஜ்ல "இந்தியன் டின்னர்"னு போட்டிருந்தாங்க, போனா தினமும் ரொட்டி, பன்னீர், ரொட்டி, பன்னீர். சோறு சாப்பிடுற ஊர்ல போயி அம்மாவுக்கு சோறு இல்லன்னா எப்படி? அப்புறம் நாங்களே வெளில நாசி சம்பூர் வாங்கிக்கிட்டோம், சோறு நடுவுல வெச்சு சுத்தி காய், மீன், முட்டைன்னு வெச்சுத் தருவாங்க, காரமும் நம்ம அளவுக்கு இருக்கும். அக்காகிட்ட சொன்னேன், அந்த டின்னரை எடுத்துட்டு காசைக் குறைச்சுக் குடுங்கன்னு, குறிச்சுக்கிட்டாங்க. அதே மாதிரி ஒரே நாள்ல கிண்டாமணி, உபுத், நடுவுல ரெண்டு கோயில்னு போட்டது வயசானவங்களுக்கு ஒத்து வராது, டிராஃபிக்ல வண்டியிலயே பாதி நாள் போச்சு. கிரெடிட் கார்டு வாங்க மாட்டாங்க, பேங்க் டிரான்ஸ்ஃபர் இல்லன்னா யுபிஐதான், இவ்ளோ பெரிய தொகைக்கு கார்டு இருந்தா நமக்கு ஒரு பாதுகாப்பு, அதை அவங்க கண்டிப்பா மாத்தணும். தேதி மாத்துனதுல ஒரு நாள் ராத்திரி ஹோட்டல் காசு திரும்ப வர ரொம்ப லேட் ஆச்சு. நடுவுல நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வேற பாண்டி பக்கத்துலயே கரை கடந்து ஊரே தண்ணில நின்னுச்சு, கீழ ஜெராக்ஸ் கடைக்குள்ள தண்ணி, கரென்ட் இல்ல, ஆனாலும் கரென்ட் வந்ததும் அக்கா மொத வேலையா எங்க ரீஃபண்டு எங்க நிக்குதுன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, அப்புறம் முழுசா வந்துடுச்சு.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். நாங்க ஆபீஸ்ல உக்காந்திருந்தப்போ ஒரு பையன் வந்து, ப்ரோ மாதிரி பேசி, அந்த எரிமலையைப் பக்கத்துல பாக்குற மாதிரி ஃப்ளோரஸ் டிரிப் போட முடியுமா, வீடியோ எடுக்கணும், எவ்ளோ ஆனாலும் பரவால்லன்னான். அக்கா ஒரே வார்த்தைல முடியாதுன்னுட்டாங்க. "தம்பி, அங்க ஜனங்க வீடு போயி முகாம்ல படுத்திருக்காங்க. அங்க இருக்கிற பஸ்சும் போட்டும் அவங்களுக்கு வேணும்." அவன் வேற ஆபீஸ்ல பாத்துக்கிறேன்னு போயிட்டான். வந்த கஸ்டமரை அப்படி அனுப்புற ஆளை நம்பி நான் எங்க அம்மாவை அனுப்பலாம்னு எனக்கு அப்போதான் முழு நம்பிக்கை வந்துச்சு.

விலை மத்த இடத்தை விட கொஞ்சம் கூடத்தான். ஹனிமூன் ஜோடி, காலேஜ் பசங்க, போனா போகுது வந்தா வருதுன்னு இருக்கிறவங்க எங்க வேணா புக் பண்ணிக்கலாம். வயசானவங்களையோ குழந்தைங்களையோ கூட்டிட்டுப் போறவங்க, அதுவும் அலர்ட் இருக்கிற நேரத்துல போறவங்க, இங்க போங்க. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை கார்டு வாங்காததுக்கும் பன்னீருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல ஷட்டர் பாதி இறங்கி இருக்கும், நாலு மணிக்கு அப்புறம் போங்க, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு, ஆனா அவங்க ஆளுங்க யாராச்சும் ஊர்ல இல்லாம வெளிநாட்டுல இருந்தா அன்னைக்கும் போன் எடுப்பாங்க.